கரிசல் மேல் ஒரு தண்டவாளம்

விருதுநகர்–சாத்தூர் பாதையில் துலுக்கப்பட்டி பக்கம் கோடையில் நடந்து பாருங்கள். கரிசல் வெடிப்புக்குள் மணிக்கட்டு வரை கை போகும். ஐப்பசி மழைக்கு அதே மண் உப்பிக்கொண்டு காலிலிருந்து செருப்பைப் பிடுங்கும். கரிசலில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் செய்கிற வேலை அது. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் விரியும், வற்றினால் சுருங்கும். இந்த மண்மேல்தான் 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்டார்கள்.

இன்றைய அகலப் பாதையில் ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் ஏறக்குறைய 285 கிலோ. பல இடங்களில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர். இவ்வளவு கனமும் உதிரி ஜல்லிமேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சிமெண்ட் பூச்சு எதுவும் கிடையாது. ரயில் ஓட ஓடக் கல் நகரும், பாதை அங்கங்கே தாழும். முன்பு கேங்மேன்கள் பீட்டர் என்ற கைக்கருவியால் குத்திக் குத்தி ஜல்லியை இறுக்கினார்கள். இப்போது அந்த வேலைக்கு டேம்பிங் மெஷின் வருகிறது.

மெஷின் தண்டவாளத்தைக் கவ்வி, வேண்டிய மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும். ஸ்லீப்பரின் இரு பக்கமும் இரும்பு விரல்கள் ஜல்லிக்குள் இறங்கும். நொடிக்கு 35 தடவை அதிரும் அந்த விரல்கள், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் கல்லை ஸ்லீப்பருக்கு அடியில் நெருக்கிவிடும். மரக்காலைக் குலுக்கி அளந்தால் நெல் இன்னும் கொஞ்சம் பிடிக்குமே, அதே கதைதான். அதிர்கிற வரை கல் வழுக்கி இடம் தேடும்; அதிர்வு நின்றதும் முனையோடு முனை கோத்துக்கொள்ளும். ஜல்லி உருண்டையாக இல்லாமல் கூராக உடைபட்டிருப்பது இதற்காகத்தான். ஆபரேட்டரின் கண் விரல் இறங்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது. கொஞ்சம் தள்ளி இறங்கினால் ஸ்லீப்பரின் விளிம்பு உடையும்.

என்னை மலைக்க வைப்பது வெயில் கணக்கு. தடையில்லாமல் கிடக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 10 டிகிரி சூடேறினால் சுமார் 11 சென்டிமீட்டர் நீளும். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் அப்படி நீள வழியில்லை. அந்த விசையை எல்லாம் அடக்கி, பாதை பக்கவாட்டில் நெளியாமல் பிடித்து வைப்பது ஸ்லீப்பரைச் சுற்றியுள்ள ஜல்லிதான். டேம்பிங் செய்த உடனே அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஆகவே வேலைக்காக ரயில்களை நிறுத்தித் தரும் ப்ளாக் கிடைத்தால் மட்டும் போதாது. தண்டவாளத்தின் வெப்பத்தையும் அளந்து பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சிவகாசியில் பட்டாசைக் காயவைக்கும் அதே வெயில் இங்கே ஆபரேட்டரின் கையைக் கட்டிப்போடுகிறது. பிறகும் கல் நன்றாக அமரும் வரை ரயில்கள் அங்கே மெதுவாகத்தான் போகும்.

மழைக்காலத்தில் கரிசல் வேறு வேலை காட்டும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையில் நல்ல கிராவல் அடுக்கு இல்லாத இடத்தில், சக்கரம் அழுத்த அழுத்தச் சேறு ஜல்லிக்குள் ஏறும். சேறு பூசிய கல் ஒன்றையொன்று கவ்வாது. இன்று டேம்பிங் செய்த இடம் சில நாளிலேயே மறுபடி தாழும். அப்போது ஜல்லி சலிக்கும் மெஷின்தான் வர வேண்டும். தண்டவாளம் இருந்த இடத்தில் இருக்க, அதற்கு அடியில் ஒரு சங்கிலி சுற்றிச் சுற்றி ஜல்லியை வாரும். சலித்த நல்ல கல் பாதைக்குத் திரும்பும். பக்கவாட்டில் வீசிய கறுப்புச் சேறு கரைச்சரிவில் கிடந்து, பங்குனி வெயிலில் மறுபடி வெடிக்கும்.