23 நாய்கள், ஒரு சுற்றறிக்கை, ஒரு தீர்ப்பு

பிட்புல், ராட்வீலர், அகிடா, கேன் கோர்ஸோ உட்பட 23 வகை நாய்கள் மூர்க்கமானவை. அவற்றை இறக்குமதி செய்யவோ இனப்பெருக்கம் செய்யவோ விற்கவோ அனுமதி தரக் கூடாது. ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இது. ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பட்டியலே அரைகுறையாகத்தான் இருந்தது. 'டோசா இனு' என்று ஓரிடத்தில், 'ஜப்பானிய டோசா' என்று இன்னோரிடத்தில், ஒரே நாய் இரண்டு முறை இடம்பெற்றது. 'டெரியர்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி வேறு. மடியில் தூங்கும் யார்க்‌ஷயர் டெரியரும் டெரியர்தானே!

ஆனால், நீதிபதி எம்.நாகபிரசன்னா கேட்டது எந்த நாய் கடிக்கும் என்பதை அல்ல, முடிவெடுத்த விதத்தை. நாய் வளர்ப்போரையும் இனச் சான்று தரும் அமைப்புகளையும் கலந்துபேசவில்லை. தடையைப் பரிந்துரைத்த குழுவும் விதிப்படி அமையவில்லை. உரியவர்களைக் கேட்டு, முறைப்படி புதிய உத்தரவு போட அரசுக்குத் தடையில்லை என்றும் தீர்ப்பு சொன்னது. அதன்பின் அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

இனத்தைக் குறிவைப்பதே சரியா என்ற கேள்வியை நேரடியாகச் சந்தித்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். டொலிடோ நகரில் முன்பு வீட்டுக்கு ஒரு பிட்புல்லுக்குத்தான் அனுமதி இருந்தது. மூன்று வைத்திருந்தவர் வழக்காடினார். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. மறு ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர்கொடுத்தது: பொதுப் பாதுகாப்புக்கும் விதிக்கும் நியாயமான தொடர்பு இருந்தால் போதும். ஆனால், 2012இல் மாநிலச் சட்டமன்றமே பிட்புல்லை மூர்க்கமான நாய் வரையறையிலிருந்து நீக்கியது. நீதிமன்றத்தில் கிடைக்காதது அங்கே கிடைத்தது.

தமிழகத்திலும் இந்த இழுபறி உண்டு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் குதறின. உடனே மாநிலக் கால்நடைத் துறை அதே 23 இனங்களுக்குத் தடை போட்டது. போட்ட வேகத்தில் திரும்பப் பெற்றது.

2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி வேறு வழியில் போனது. பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கு மட்டும் புதிய உரிமம் இல்லை. ஏற்கெனவே உரிமம் உள்ளவை வெளியே வந்தால் கழுத்துப்பட்டையும் வாய்மூடியும் கட்டாயம். பட்டியல் சிறியது, முடிவு மாமன்றத் தீர்மானமாக வந்தது. ஆகவே, கர்நாடகத் தீர்ப்பை அப்படியே எடுத்துவந்து இதை வீழ்த்துவது கடினம். வழக்கறிஞர்களுக்கு மிச்சமிருக்கும் பிடி கலப்பின நாய்கள்: பாதி பிட்புல், பாதி நாட்டு நாய் என்றால் அது எந்தக் கணக்கில் சேரும், அதை யார் எப்படி உறுதிசெய்வது?