பல் தேய்க்கும் பேஸ்டில் கடல்பாசி!
மண்டபம் கடலில் மிதக்கும் வயல்கள்; 45 நாளில் 60 கிலோ 250 கிலோ ஆகிறது

காலையில் எழுந்ததும் பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்குகிறீர்கள். அது தண்ணீராக ஓடிவிடாமல் கெட்டியாக நிற்கிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறீர்கள். அது நாக்கில் வழவழவென்று கரைகிறது.

பேஸ்ட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. பல பேஸ்ட்டுகளிலும், பல ஐஸ்கிரீம்களிலும் கலந்து இருப்பது ஒரே சரக்குதான். அதன் பெயர் காரஜீனன். கடலில் வளரும் சிவப்புப் பாசியில் இருந்து எடுக்கப்படும் பசை அது! பாலும் தண்ணீரும் தனித்தனியாகப் பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை.

அந்தப் பாசி எங்கோ சீமையில் மட்டும் விளைவது அல்ல. ராமேசுவரம் போகிற ரெயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறீர்களே, அந்த மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடலிலும் விளைகிறது. நெல் மாதிரி நட்டு, நாள் எண்ணி, அறுவடை செய்கிறார்கள். நடுவதும் அறுப்பதும் பெரும்பாலும் மீனவப் பெண்கள்.

நோன்புக் கஞ்சிக்குப் பிறகு...

கடல்பாசி நமக்குப் புதுசு அல்ல. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலில் காய்ச்சி, துண்டு போட்டு வைப்பார்களே, அந்தக் கடல்பாசிதான். கடையில் "சைனா கிராஸ்" என்று கேட்டாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். அகர் அகர் என்பதும் இதுவே.

இந்த அடுப்படிச் சரக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரு சுவையான கதை. 1880-களின் தொடக்கம். ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற விஞ்ஞானி நோய்க் கிருமிகளைத் தட்டில் வளர்க்கப் படாதபாடு பட்டார். ஜெலட்டின் ஊற்றினால் சூட்டில் உருகிப் போகும். அவரிடம் வேலை பார்த்தவர் வால்ட்டர் ஹெஸ்ஸே. அவருடைய மனைவி பேனி ஹெஸ்ஸே, "நான் சமையலில் அகர் போடுகிறேன். அது வெயிலிலும் உருகாது" என்று யோசனை சொன்னார். அன்று பிடித்தது இன்று வரை நிற்கிறது. பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இருப்பது அகர்தான்!

கையில் துணி, கண்ணில் கண்ணாடி

மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பது பழைய தொழில். 1966-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுக் கடலில் வியாபாரத்துக்காகப் பாசி எடுத்து வருகிறார்கள். மதுரையில் அகர் காய்ச்சும் தொழிற்சாலைகளும் ஏற்பட்டன.

மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று பெண்கள் வைத்திருக்கும் பெயர்களே ஓர் அகராதி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவார்கள். பாறையில் ஒட்டி இருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணிப்பார்கள். மேலே வந்து மூச்சு வாங்கி மறுபடியும் முங்குவார்கள். இப்படியே மணிக்கணக்கில்!

1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. தீவுப் பக்கம் போகக்கூடாது என்று வனத்துறை தடுத்தது. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பது சர்க்காரின் வாதம். "அப்ப எங்க அடுப்பு எப்படி எரியும்?" என்பது பெண்களின் கேள்வி.

அவர்கள் கேள்வியோடு நிற்கவில்லை. தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும்தான் பாசி எடுப்பது, மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று முடிவு செய்தார்கள். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த சங்கத் தலைவி லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் "சீகாலஜி" பரிசு கிடைத்தது.

ஜப்பானில் இருந்து வந்த விதை

காட்டில் பொறுக்குவதற்குப் பதில் வயலில் விளைவித்தால் என்ன? விஞ்ஞானிகள் இப்படித்தான் யோசித்தார்கள்.

குஜராத் மாநிலம் பவநகரில் மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிலையம் 1984-ல் ஜப்பானில் இருந்து "காப்பாபைகஸ்" என்ற பாசியைக் கொண்டு வந்தது. அதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸ். முதலில் குஜராத் கடலில் வளர்த்துப் பார்த்தார்கள். 1995-ல் மண்டபத்துக்கு வந்தது. 2000-ம் ஆண்டில் பெப்சி கம்பெனி இதில் இறங்கியது. அவ்வளவுதான், ஊர் ஜனங்கள் அதற்கு "பெப்சி பாசி" என்று நாமகரணம் செய்துவிட்டார்கள்! 2008-ல் அந்தத் தொழில் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. ஆனால் பெயர் மட்டும் போகவில்லை.

கணக்கு இதுதான்

விவசாயம் எப்படி நடக்கிறது? விவரம் வருமாறு:-

12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 20 இடத்தில் 150 கிராம் பாசித் துண்டைக் கட்டுவார்கள். மொத்தம் 60 கிலோ. அடியில் வலை விரிப்பார்கள். இல்லாவிட்டால் மீன்கள் மேய்ந்துவிடும்.

45-வது நாள் தூக்கினால் சுமார் 250 கிலோ! அதில் 60 கிலோவை மறு நடவுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் காயப் போடுவார்கள். 10 கிலோ காய்ந்தால் 1 கிலோ ஆகும். ஆக, மிதவைக்கு ஏறக்குறைய 19 கிலோ காய்ந்த சரக்கு தேறும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்று அறுவடைக்கு வரும்.

உழவு இல்லை. உரம் இல்லை. நல்ல தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். போதாக்குறைக்குக் கடல் நீரில் கரைந்த கரியமில வாயுவையும் பாசி உறிஞ்சிக்கொள்கிறது.

பச்சைப் பாசியைப் பிழிந்தால் வரும் சாறும் வீண் இல்லை. அதைத் தண்ணீரில் கலந்து பயிருக்குத் தெளித்தால் விளைச்சல் கூடுகிறது என்று பவநகர் நிலையம் கண்டறிந்தது. சாறு வயலுக்கு, சக்கை காரஜீனனுக்கு!

மருந்தும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு

1811-ல் அயோடின் முதன்முதலில் கிடைத்ததே கடல்பாசிச் சாம்பலில்தான். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பாசிச் சத்தில் இருந்து மூட்டுவலிக்கான "கடல்மீன்" மாத்திரையைத் தயாரித்தது. பல் கட்டும் டாக்டர் வாயில் வைத்து அச்சு எடுக்கிறாரே, அந்த மாவிலும் பாசிச் சரக்கு உண்டு.

அதற்காக "கடல்பாசி சர்வரோக நிவாரணி" என்று யாராவது பொட்டலம் நீட்டினால் ஏமாந்துவிடக் கூடாது. சில பாசிகளில் அயோடின் மிக அதிகம். அளவுக்கு மீறினால் தைராய்டைக் கெடுத்துவிடும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பவளப்பாறை மேல் படர்ந்தது!

இவ்வளவு நல்ல பாசிக்கு ஒரு வில்லங்கமும் இருக்கிறது. 2008-ல் குருசடை தீவு அருகே இந்த வெளிநாட்டுப் பாசி பவளப்பாறை மேல் போர்வை மாதிரி படர்ந்து இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூடிய பவளம் மூச்சுத் திணறிச் செத்துப் போகும். பரவிய இடம் கொஞ்சம்தான் என்று மறு தரப்பு விஞ்ஞானிகள் பதில் சொன்னார்கள். வழக்கு இன்னும் ஓயவில்லை.

இன்னொரு எதிரி வெயில். 2013-ஐ ஒட்டி கடல் நீர் சூடாகி, பாசி கொத்துக் கொத்தாக அழுகி விழுந்தது. உற்பத்தி படுத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாடைக் காற்று மிதவைகளை உடைத்துப் போடும். அதனால்தான் திசு வளர்ப்பு முறையில் திடமான நாற்றுகளை உண்டாக்கும் முயற்சி நடக்கிறது. நம் கடலில் பிறந்த கஞ்சிப் பாசியையே பயிர் செய்யவும் ஆராய்ச்சி நடக்கிறது. சொந்தப் பாசியால் பவளத்துக்கு அந்தப் பயம் இல்லை.

சர்க்காரும் பணம் ஒதுக்கி இருக்கிறது. 2020-ல் வந்த மத்திய மீன்வளத் திட்டத்தில் பாசிக்கு மட்டும் ரூ.640 கோடி. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127 கோடி செலவில் கடல்பாசிப் பூங்கா அமைக்க 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

கோடிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். விடியலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறு கட்டும் பெண்ணுக்கு வேண்டியது மூன்றுதான். வெயில் தாங்கும் விதை, காற்றில் போன மிதவைக்கு ஈடு, காய்ந்த பாசிக்கு நியாயமான விலை.

நாளைக் காலையில் பேஸ்ட்டைப் பிதுக்கும்போது அந்தக் கை ஞாபகத்துக்கு வரட்டும்!