குமிழ்ப் பின்னலும் திண்டு உறையும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள அடுக்கு வீடுகளிலும், தாராவியின் ஒற்றை அறைகளிலும், இடம் என்பது எண்ணிச் செலவிட வேண்டிய பொருள். தறிக்குக் கூடம் வேண்டும். தையல் இயந்திரத்துக்கு ஒரு மூலையாவது வேண்டும். குரோஷே வேலைக்கோ கொக்கி ஊசி ஒன்றும், நூல் உருண்டை ஒன்றும், அவற்றை வைத்துக்கொள்ள மடியும் போதும். அடுப்பில் பருப்பு வேகும் நேரத்திலும் பிள்ளைகள் பாடம் படிக்கும் நேரத்திலும் நான்கு கண்ணிகள் வளர்ந்துவிடும். ஆதலால் இக்கலை நம் இல்லங்களில் எளிதில் இடம் பெற்றது.

குரோஷே என்பது சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இதன் பின்னல்கள் பல. அவற்றுள், துணியின் முகத்தில் சிறு சிறு மணிகளைப் பதித்தாற்போல எழும் குமிழ்ப் பின்னலையும், அதைக் கொண்டு பதினாறு அங்குலச் சதுரத் திண்டுக்கு உறை செய்யும் முறையையும் இங்கே காண்போம்.

முதலில் நூல். கம்பளி நூலில் குமிழ் நன்கு பருத்து நிற்கும். ஆயினும் மும்பையின் ஈரக் காற்றுக்குப் பருத்தி நூலே ஏற்றது. நடுத்தரப் பருமனுள்ள நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் கொள்க. ஆங்கிலப் புத்தகம் பார்த்துப் பின்னுவோர் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். அமெரிக்கப் புத்தகங்கள் 'சிங்கிள்' என்பதையே பிரிட்டிஷ் புத்தகங்கள் 'டபிள்' என்கின்றன. இது தெரியாமற்போனால் வேலை முழுவதும் அளவு மாறிவிடும். நாம் இங்கே சிறு பின்னல் என்பது இதுவே: ஊசியைக் கண்ணியில் நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும், மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுக்க வேண்டும்.

இனிக் குமிழ். ஊசியின்மேல் நூலை ஒரு முறை சுற்றி, கண்ணியில் நுழைத்து இழுக்கவும். மீண்டும் சுற்றி, முதல் இரண்டு கண்ணிகள் வழியாக மட்டும் இழுக்கவும். கடைசிக் கண்ணியை ஊசியிலேயே விட்டுவிடவும். அதே இடத்தில் இவ்வாறு ஐந்து முறை செய்தால் ஊசியில் ஆறு கண்ணிகள் நிற்கும். நூலைச் சுற்றி ஆறின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்தால் குமிழ் முடிந்தது. அது நமக்கு எதிர்ப்புறமாகப் புடைக்கும். ஆகையால் துணியின் பின்புறம் நம்மை நோக்கும் வரிசையிலேயே குமிழ் போடுதல் வேண்டும்.

மாதிரித் துண்டு ஒன்று பின்னாமல் வேலை தொடங்கலாகாது. 24 சங்கிலி போட்டு, இரண்டாம் சங்கிலியிலிருந்து 23 சிறு பின்னல் பின்னுக. இது முதல் வரிசை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புக. அது கணக்கில் சேராது. இரண்டாம் வரிசையில் மூன்று சிறு பின்னல். பிறகு ஒரு குமிழும் மூன்று சிறு பின்னலுமாக இறுதிவரை செல்க. மூன்றாம் வரிசை முழுவதும் சிறு பின்னல். நான்காம் வரிசையில் ஒரு சிறு பின்னல், ஒரு குமிழ். பிறகு மூன்று சிறு பின்னலும் ஒரு குமிழுமாகச் சென்று, ஒரு சிறு பின்னலில் முடிக்க. ஐந்தாம் வரிசை மீண்டும் சிறு பின்னல். இரண்டு முதல் ஐந்து வரையுள்ள வரிசைகளைத் திரும்பத் திரும்பச் செய்தால் குமிழ்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும்.

மாதிரியின் நடுவே நான்கு அங்குலத்தில் 16 பின்னலும் 18 வரிசையும் இருந்தால், உறையின் முகப்புக்கு 64 சங்கிலி போட்டு, 63 பின்னல் அகலத்தில் 71 வரிசை பின்னுக. பதினாறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். திண்டு உள்ளே புகும்போது உறை இறுகி அழகாக நிற்கும். முதுகுப் பக்கத்துக்குக் கைத்தறித் துணியே போதும். 17 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ள இரு துண்டுகளின் ஓரங்களை மடித்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறுமாறு முகப்புடன் இணைத்தால் பொத்தானும் வேண்டா. ஆடி மழையில் துவைப்பதைத் தவிர்க்கலாம். ஈரம் ஏறிய பருத்திப் பின்னல் கனக்கும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும். நிழலில் பரப்பி உலர்த்துவதே முறை.

இப்போது ஒரு கணக்கு. இம்முகப்பில் உள்ள குமிழ்கள் 542. சிறு பின்னல்கள் 3,931. தேர்ந்த கைக்குக் குமிழுக்குக் கால் நிமிடமும் சிறு பின்னலுக்கு மூன்று விநாடியும் ஆகும் எனக் கொண்டாலும், ஐந்தரை மணி நேரம் வேண்டும். குமிழே இல்லாத உறைக்கு மூன்றே முக்கால் மணி போதும். நூல் விலையை இரட்டித்து விற்பனை விலை சொல்லும் சகோதரி, குமிழுக்காகச் செலவிட்ட ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைத் தம்மை அறியாமலே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்.

இது சிறு விஷயமன்று. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் எழுதிய ஆய்வு 1982-இல் வெளிவந்தது. நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னிய அப்பெண்கள், தொழிலாளர் எனக் கருதப்படாமல், ஓய்வு நேரத்தில் வேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர். கூலியும் அதற்கேற்பக் குறைந்தது. அவர்கள் பின்னிய லேஸோ வெளிநாட்டுச் சந்தைகளுக்குச் சென்றது. இதற்கு மாறாக, நம் மும்பையிலேயே ஒரு சான்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் பெற்று அப்பளத் தொழில் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் நிறுவனமாக வளர்ந்தது. அங்கும் வேலை நடப்பது வீட்டில்தான். ஆனால் இட்ட அப்பளம் எடை போடப்பட்டுக் கூலி கணக்கிடப்படுகிறது.

மனைக்கு அழகு செய்யவோ மணமகளுக்குப் பரிசளிக்கவோ பின்னும்போது நேரத்தைக் கணக்கிட வேண்டியதில்லை; அது அன்பின் வேலை. விற்பனைக்குப் பின்னும்போதோ, கண்ணிகளை எண்ணும் அதே கவனத்துடன் மணிகளையும் எண்ணுவோமாக. நூலுருண்டையின் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் அதில் குறித்து வந்தால், உறை முடியும் நாளில் அதன் விலையை நாமே நேர்மையாகச் சொல்ல இயலும்.