குலசேகரப்பட்டினத்தில் ஏன் ஓர் ஏவுதளம்?

சிங்கப்பூரின் ‘டிஎஸ்-சார்’ செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு 2023 ஜூலை 30ஆம் தேதி ஒரு பிஎஸ்எல்வி ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய சிறிய செயற்கைக்கோள்களும் அதில் இருந்தன.

ஆந்திரக் கடலோரத்தில் உள்ள இந்தத் தளத்துக்குத் துணையாக, தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள குலசேகரப்பட்டினத்தில் இன்னோர் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. நன்றாக இயங்கும் தளம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? ‘அது பூமத்திய ரேகைக்கு இன்னும் அருகில் இருக்கிறது’ என்பதே நான் அடிக்கடி கேட்கும் பதில். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் நிற்கவில்லை.

பூமியின் இலவச உந்துதல்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் நிலத்தின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர். கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய 13.7 டிகிரி வடக்கில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் அது 452 மீட்டர், 8.4 டிகிரியில் இருக்கும் குலசேகரப்பட்டினத்தில் 460 மீட்டர். வித்தியாசம் வெறும் 8 மீட்டர்.

மேலும், பூமியைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பலவும் துருவங்களுக்கு மேலாகச் செல்லும் பாதையில் சுற்றுகின்றன. அவற்றை வடக்கு அல்லது தெற்கு நோக்கி ஏவ வேண்டும். அந்தத் திசையில் பூமியின் கிழக்குச் சுழற்சி உதவாது. ஆகவே, உண்மையான காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

குறுக்கே நிற்கும் நிலம்

ராக்கெட்டின் கீழ்க் கட்டங்கள் எரிந்து முடிந்ததும் கழன்று விழும். ஏதாவது கோளாறு ஏற்பட்டால் முழு ராக்கெட்டே விழக்கூடும். அதனால் பறக்கும் வழியின் கீழே மக்கள் வாழும் நிலம் இருக்கக்கூடாது. ஏவுதளங்கள் பலவும் கடலோரத்தில் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இஸ்ரேல், சுழற்சி தரும் உதவியையே கைவிட்டு, மேற்கே மத்தியதரைக் கடலை நோக்கித் தன் செயற்கைக்கோள்களை ஏவுகிறது.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே வங்காள விரிகுடா பரந்து கிடக்கிறது. ஆனால் நேர் தெற்கே பறந்தால் சென்னைக் கரையோரமும் அதன்பின் இலங்கையும் வரும். எனவே துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் முதலில் தென்கிழக்கே கடல்மேல் பறந்து, பிறகு தெற்கு நோக்கித் திரும்புகிறது.

வானில் இப்படித் திரும்புவதற்கு எரிபொருளை எரிக்க வேண்டும். வேகம் கூடக்கூடச் செலவும் கூடும். சுற்றுப்பாதையில் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒரே ஒரு டிகிரி திரும்ப, வேகத்தில் விநாடிக்கு 130 மீட்டருக்கும் அதிகமான மாற்றம் தேவை. வேகம் குறைவாக இருக்கும்போதே திரும்பினால் செலவு குறையும் என்றாலும், அது இல்லாமல் போகாது.

320 டன் எடையுள்ள பெரிய பிஎஸ்எல்வி இந்த இழப்பைத் தாங்கும். 120 டன் எடையுள்ள எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய சுமை. இறுதிக் கட்டத்தில் கூடுதலாகத் தேவைப்படும் ஒவ்வொரு கிலோ எரிபொருளுக்கும், ஏறக்குறைய ஒரு கிலோ செயற்கைக்கோளைக் கீழே விட்டுச் செல்ல வேண்டும். குலசேகரப்பட்டினத்திலிருந்து பார்த்தால் இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. தெற்கே அண்டார்க்டிகா வரை பெருநிலம் எதுவும் இல்லை. சிறிய ராக்கெட் நேராகப் பறக்கலாம்.

நமக்கு வேண்டிய பாதை

சிங்கப்பூரின் தேவை இதற்கு நேரெதிரானது. டிஎஸ்-சார் சுற்றுவது பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில். அதனால் அது நம் வட்டாரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 14 முறை கடக்கிறது. அதன் ரேடார் மேகங்களையும் ஊடுருவிப் பார்க்கும். ஆனால் 13.7 டிகிரியில் இருக்கும் தளத்திலிருந்து, வழியில் திரும்பாமல் அதைவிடக் குறைந்த சாய்வை அடையவே முடியாது. செயற்கைக்கோளின் எடை 360 கிலோ மட்டுமே என்பதால், ஒரு டன்னுக்கு மேல் சுமக்கக்கூடிய பிஎஸ்எல்வியில் திரும்புவதற்கான சக்தி மிச்சம் இருந்தது.

கடல் காலியாக இல்லை

‘திறந்த கடல்’ என்று எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வரைபடத்தில் வெறும் நீலமாகத் தெரியும் அந்தக் கடலில்தான் மீனவர்களின் பிழைப்பு இருக்கிறது. ஏவும் நேரத்தில் ராக்கெட் செல்லும் வழியின் கீழே படகுகள் போகக்கூடாது. நிலமும் அப்படித்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர், ஏவுதளம் வந்தபோது இடம்பெயர நேர்ந்தது. குலசேகரப்பட்டினமோ தசரா திருவிழாவுக்குப் பெயர்பெற்ற ஊர். அதன் பக்கத்திலேயே கருப்பட்டிக்குப் புகழ்பெற்ற உடன்குடி இருக்கிறது.

நேர்வழியில் பறப்பதால் ராக்கெட்டுக்கு எத்தனை கிலோ மிச்சமாகும் என்பதைப் பொறியாளர்கள் துல்லியமாகக் கணக்கிட்டுவிடுவார்கள். அதே கவனத்தோடு, கடலுக்குப் போகமுடியாத நாள்களையும் கைமாறும் நிலத்தையும் யாராவது கணக்கிட வேண்டும் என்பதே என் எண்ணம். அறிவியலோ பொறியியலோ படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்கும் பாடமாக வேண்டும்.