தறி நம்மிடம், தராசு யாரிடம்?

சோமனூர் வட்டாரத்துக் கூலி நெசவாளருக்குத் தறி சொந்தம், கொட்டகை சொந்தம், கடனும் சொந்தம்! பாவும் ஊடையும் மட்டும் ஜவுளி உற்பத்தியாளர் தருவது; நெய்த துணி அவருக்கே திரும்புவது. தறிக்காரருக்குக் கிடைப்பது கூலி. முதலாளியின் சுமை உண்டு, இலாபம் இல்லை!

2021 நவம்பரில் பேச்சு நடந்தது. சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடு கூலி உயர்வு என முடிவாயிற்று. உயர்வு கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன.

எனவேதான் கேட்கிறோம்: உயர்நிலைப் பள்ளியிலேயே தொழில்முனைவுப் பாடம் வேண்டும். ஒரு மீட்டர் துணிக்கு மின்சாரம் எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று மாணவன் கணக்கிடட்டும். ஒப்பந்தம் எழுதவும், சந்தை தேடவும், கூட்டுறவு நடத்தவும் பழகட்டும். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2019இல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை இத்தகைய பாடம் வந்தது. பின்னர் மாணவர்க்குச் சிறு முதலும் தந்தனர்.

"இது குலக்கல்வி அல்லவா?" எனத் தோழர்கள் கேட்கக்கூடும். அல்ல! 1953இல் வந்த அத்திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்துப் பிள்ளையை அப்பன் தொழிலுக்கு அனுப்பியது. எதிர்ப்பு வெடித்தது, 1954இல் அது ஒழிந்தது. அது கட்டிப்போட்ட கல்வி. நாம் கேட்பது கட்டவிழ்க்கும் கல்வி. முழுநாள் பள்ளி, எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் ஒரே பாடம். தறிக்காரர் மகள் ஏற்றுமதியாளர் ஆகட்டும், மருத்துவரும் ஆகட்டும். அது அவள் விருப்பம்!

பாடம் மட்டும் கூலியை உயர்த்திவிடாது. அதற்குச் சங்கம் வேண்டும். ஆனால் கணக்கறிந்த சங்கத்தை ஏய்ப்பது எளிதன்று!