ஏரிக்கரையில் இடுப்பு நோவு

பழவேற்காட்டில் ஏலம் முடிந்ததும், தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் மீன் நிறைந்த அன்னக்கூடையை ஏற்றிக்கொண்டு, பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் பஸ் பிடிக்க விரையும் பெண்களில் சிலர், ஒரு காலை ஊன்றியும் ஊன்றாததுமாகத் தாங்கித் தாங்கி நடப்பதைக் காணலாம். அங்குள்ள ஏரியின் ஆழமற்ற நீரில், பறியைப் பல்லில் கவ்வியபடி, குனிந்தும் தவழ்ந்தும் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்களிலும் இந்த நடைக்குக் குறைவிருக்காது. கேட்டால், "இடுப்பு நோவு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

இந்த நோவு எழக்கூடிய இடங்களுள் ஒன்று இடுப்புச் சந்தி. முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பு இருபுறமும் இடுப்பெலும்புகளோடு கூடுகிற சந்திகள் இரண்டும், சில பாகைக்கு மேல் அசையாதவையாயினும், மேலுடலின் பாரம் முழுவதையும் கால்களுக்கு இறக்கிக் கொடுப்பவை. நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் சரீரம் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறதல்லவா? அக்கணத்தில் பிருஷ்டத் தசைகளும் அடிவயிற்றுத் தசைகளும் இறுகிச் சந்தியை அழுத்திப் பிடித்தாலன்றிப் பாரம் சுகமாக இறங்காது. சந்தி பழுதுற்றோ, பிரசவகாலத்தில் தளர்ந்த பந்தகங்கள் பழையபடி இறுகாமலோ அப்பிடிமானம் குறைந்துவிட்டால், நோகும் காலில் நிற்கும் நேரம் சுருங்குகிறது, அடி சிறுக்கிறது, எதிரெதிராகத் திரும்ப வேண்டிய இடுப்பும் மார்பும் ஒரே பலகைபோலச் சேர்ந்து திரும்புகின்றன, சிலருக்கு உடலே ஊன்றிய பக்கம் சாய்கிறது.

1905இல் கோல்ட்வெயிட், ஆஸ்குட் என்னும் பாஸ்டன் வைத்தியர்கள் இச்சந்தியை வலிக்குக் காரணமென்று எழுதினார்கள். 1934இல் மிக்ஸ்டர், பார் இருவரும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவதை விளக்கியபின், வைத்திய உலகின் பார்வை தட்டின்மேலேயே தங்கிவிட்டது. நாட்பட்ட இடுப்பு வலியில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை இச்சந்தியிலிருந்து எழுவதாக இன்று கணிக்கிறார்கள்.

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், முதுகின் அடியிலுள்ள குழிவுக்கு அருகிலேயே விரல் மீண்டும் மீண்டும் போவதும், மல்லாந்து படுத்துக் காலை ஒரு சாண் உயர்த்தக் கனப்பதும், இடுப்பின் இருபுறத்தையும் ஒருவர் சேர்த்தழுத்த அக்கனம் குறைவதும் இச்சந்தி வலிக்கு அறிகுறிகள். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதைக் கொண்டு வலியோடு வந்த பெண்ணுக்கு நோயே இல்லையென்று திருப்பி அனுப்புவது அநியாயம்.

படுத்தே கிடப்பது பரிகாரமன்று. இயன்முறை வைத்தியர் கற்பிக்கும் தசைப் பயிற்சியும், தேவைப்படுவோருக்கு இடுப்புப் பட்டையும், ஒரு கூடைச் சுமையை இரண்டு நடையாகப் பிரித்துச் சுமப்பதும் பலருக்கு உதவும். ஆனால் கால் மரத்து வலுவிழந்தாலோ, மலஜலம் அடங்காமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.