கண்மாய்க் கரையில் சைக்கிள்

பிரான்சின் வடக்கே சோம் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, "நம்ம காரைக்குடிப் பக்கம் இப்படி ஓட்ட ஆறு எங்கே இருக்கு?" என்று கேட்கிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், சொல்கிறேன். ஆறு வேண்டியதில்லை, நமக்குக் கண்மாய் இருக்கிறது.

சோம் கரையில் பெரோன் ஊரிலிருந்து கடலோரத்து சேன்-வலேரி வரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சைக்கிளுக்கென்று போட்ட பாதை அல்ல. சரக்குப் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்துப்போன காலத்துத் தடம். தண்ணீரை ஒட்டிப் போவதால் ஏற்றம் குறைவு, மூச்சு வாங்காது.

சிவகங்கைச் சீமையும் தென்கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிற நிலம்தான். அந்தச் சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரை மறித்தார்கள்; அதுதான் கண்மாய். வரத்துக்காலில் தண்ணீர் வரும். மடை வழியே வயலுக்குப் போகும். நிறைந்துவிட்டால் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு ஓடும். ஒரு கலுங்கிலிருந்து அடுத்த கண்மாயைத் தேடிப் போனால், நீங்கள் போவது ஆற்று வழிதான்.

காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் தொடங்குங்கள். அங்குள்ள விடுதிகளில் சைக்கிள் கிடைக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதில்தான் காலையில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். எல்லோரும் வீட்டு முகப்பைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. ஓட்டுக் கூரையில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, அண்டாவையும் கிணற்றையும் நிரப்பி, மிச்சம் தெரு வாய்க்காலில் ஓடி ஊருணியில் சேரும்படி அந்த ஊரையே அமைத்திருக்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன; வீடுகளோடு இந்த நீர் ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். வாய்க்கால் ஊருணியில் விழும் இடத்தைத் தேடிப் பாருங்கள்.

ஊரைத் தாண்டிக் கண்மாய்க் கரை ஏறினால் பழைய மடை ஒன்றின் அருகில் நில்லுங்கள். தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள், நடுவே துளையிட்ட குறுக்குக் கல். அந்தத் துளை வழியாகக் கம்பை உயர்த்தினால் அடியில் அடைப்பு திறக்கும், கரைக்கு மறுபக்கம் வயலில் தண்ணீர் வரும். காரில் போகிறவர் கண்ணில் இது படவே படாது.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, மார்கழியும் தையும்தான் தோதான மாதங்கள். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் திருப்பத்தூர் தாண்டிக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போங்கள். 1977 முதல் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடிக் கண்மாய்கள் அங்கே இருக்கின்றன. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. மணியடிக்காமல் போக வேண்டும்.

சீமைக்கருவேல முள் டயரை விடாது. பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம். அதே முள்மரம் பல வரத்துக்கால்களை அடைத்துக் கிடப்பதையும் வழியில் பார்ப்பீர்கள், மனம் வலிக்கும். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரை ஈரமாக இருந்தால் ஓட்டாதீர்கள், ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். சக்கரம் பதிந்த தடத்தில் அடுத்த மழை ஓடும், ஓடிய இடத்தில் மண் கரையும், நாளைக்குக் கரை உடைவது அந்த இடத்தில்தான்.